கிருமியின் தடமும் சமுதாயத்தின் தடமும்

இலக்கிய ஏடொன்றில் வைத்தியசாலை ஆய்வறிக்கைகளை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். கவிதையும் சிறுகதையும் நாவலும் இருக்க, பிறந்த குழந்தைகளின் குருதியிற் காணப்பட்ட கிருமிகளைப் பற்றி விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரைகளில் விமர்சகனுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்கக்கூடும். விடை எளிது. மனிதர்க்கு நேர்ந்த ஒன்றை எடுத்துரைத்து, அது ஏன் நேர்ந்தது என்று காரணங்கூறும் எழுத்து எதுவும் விமர்சனத்துக்கு உரியதே. அவ்வெழுத்து எங்கே தொடங்குகிறது, எங்கே நிறுத்திக்கொள்கிறது, யாரைக் குற்றவாளியாக நிறுத்துகிறது, யாரைக் கண்ணிற் படாதவாறு விட்டுவிடுகிறது என்னும் கேள்விகள் சிறுகதைக்கு மட்டும் உரியவையல்ல.

கடந்த இருபதாண்டுக் காலத்தில் இத்தகைய எழுத்து ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. ஒரு வைத்தியசாலையின் சிசு தீவிர சிகிச்சைப் பிரிவில் குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக நோயுறுகின்றன. கொடுத்த மருந்து கேட்கவில்லை. சில குழந்தைகள் இறக்கின்றன. நுண்ணுயிரியலாளர் வருகிறார், குருதியையும் கருவிகளையும் கைகளையும் சோதிக்கிறார், தடயங்களை ஒன்றோடொன்று பொருத்துகிறார், ஈற்றிற் கிருமி எங்கிருந்து வந்தது என்பது வெளியாகிறது. துப்பறியும் கதையின் கட்டுக்கோப்பு இது என்பதை எவரும் காணலாம். இவ்வறிக்கைகளின் நுட்பத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மனித அறிவின் அரிய வெற்றிகளுள் அவை சேர்த்தெண்ணப்பட வேண்டியவை. எனினும், பெரும்பாலானவற்றில் அத்தடம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது என்பதும், நின்றுவிடும் அந்த இடமே கவனத்துக்குரியது என்பதும் நமது கருத்து.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். குறைமாதத்திற் பிறந்த குழந்தையின் தோல் மிக மெல்லியது. கருப்பையிற் கடைசி வாரங்களில் தாயிடமிருந்து வந்துசேர வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தி அதற்கு முழுமையாகக் கிடைத்திருப்பதில்லை. அதன் நாளத்திலும் மூச்சுவழியிலும் குழாய்கள் செலுத்தப்பட்டிருக்கும். உயிரைக் காக்கும் அக்குழாய்களே கிருமி நுழையும் வாயில்களாகவும் ஆகிவிடுகின்றன. கிளெப்சியெல்லா, அசினெற்றோபக்டர் போன்ற கிருமிகள் கைகளிலும் கருவிகளிலும் கழுவு தொட்டிகளிலும் தங்கிவாழ வல்லவை. சாதாரண மருந்துகள் பயனற்றுப் போனபின் வைத்தியர்கள் நாடும் கடைசி ஆயுதங்களுள் ஒன்றான கார்பாபெனெம் வகை மருந்தையும் இவற்றுட் பல இன்று எதிர்த்து நிற்கின்றன. 2019ஆம் ஆண்டில் மருந்தெதிர்ப்புக் கிருமிகள் நேரடிக் காரணமாக 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் உலகெங்கும் இறந்தனர் என்றும், அவ்வாறு இறந்தோரில் ஐவரில் ஒருவர் 5 வயதுக்குட்பட்ட குழந்தை என்றும் 2022இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று கூறிற்று.

நமக்கு அண்மையிலுள்ள சான்றுகளுட் பெரியது டில்லியில் நடந்த ஆய்வு. 2011 முதல் 2014 வரை அந்நகரின் மூன்று பெரிய வைத்தியசாலைகளில் நிகழ்ந்த 88,636 பிரசவங்களை அது கணக்கில் எடுத்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அனுப்பப்பட்ட 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. 2016இல் அதன் முடிவுகள் வெளியாயின. அக்குழந்தைகளில் 14.3 வீதத்தினர் குருதித்தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். தொற்றுக்களில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு பிறந்து 72 மணி நேரத்துக்குள் நேர்ந்தவை. கண்டறியப்பட்ட கிருமிகளுள் முதலிடம் பெற்ற அசினெற்றோபக்டரில் 82 வீதம் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. பெயரிடப்படுவதற்கு முன்பே, தாய்ப்பாலின் சுவையை அறிவதற்கு முன்பே, மருந்துக்கு அடங்காத கிருமியைச் சில குழந்தைகள் பெற்றுவிடுகின்றன என்பதே இவ்வெண்களின் பொருள்.

இக்கிருமியின் தடத்தை விஞ்ஞானிகள் எவ்வாறு பின்தொடர்கின்றனர்? தமிழ் படித்தோர்க்கு இம்முறை அந்நியமானதன்று. 1887ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும், நமது நாட்டவரான சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் அச்சிற் கொணர்ந்தனர். செல்லரித்த ஏடுகள் பலவற்றைத் தேடிச் சேர்த்து, பாடபேதங்களை ஒப்புநோக்கி மூலத்தை நெருங்குவது பதிப்பாசிரியர் பணி. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படுமாயின், அவை இரண்டும் ஒரே தாய்ப்பிரதியிலிருந்து வந்தவை என்று ஊகிக்க இடமுண்டு. கிருமியும் தன்னைத் தானே பிரதிசெய்து பெருகுவது. கிளெப்சியெல்லாவின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 55 இலட்சம் எழுத்துகளைக் கொண்ட ஓர் ஏடு. ஒவ்வொரு முறையும் அது பிரதியாகும்போது எங்கேனும் ஓரெழுத்துப் பிழை நேரக்கூடும். இரு குழந்தைகளின் குருதியிலிருந்து எடுத்த கிருமிகளை எழுத்தெழுத்தாக வாசித்து ஒப்பிட்டால், பிழைகள் ஒத்திருப்பதைக்கொண்டு அவை அண்மையிற் பிரிந்த உடன்பிறப்புகளா, வெவ்வேறு வழியில் வந்துசேர்ந்தவையா என்று துணியலாம்.

இம்முறையின் வலிமையைக் காட்டிய அறிக்கை கேம்பிரிட்ஜில் இருந்து வந்தது. அங்குள்ள றோசி வைத்தியசாலையின் சிசுப் பராமரிப்புப் பிரிவில், மெதிசிலின் என்னும் மருந்தை எதிர்க்கும் ஸ்டபிலோகொக்கஸ் கிருமி ஆறு மாதகாலத்தில் 12 குழந்தைகளிடம் காணப்பட்டது. 2011இல் அக்கிருமிகளின் மரபணு எழுத்துகள் ஒப்பிடப்பட்டன. தனித்தனி நிகழ்ச்சிகள்போலத் தோன்றியவை ஒரே சங்கிலியின் வளையங்கள் என்பது புலனாயிற்று. கிருமி பிரிவைக் கடந்து, குழந்தைகளின் பெற்றோரிடத்தும் ஊராரிடத்தும் பரவியிருந்ததும் தெரியவந்தது. நோயுற்ற கடைசிக் குழந்தை வெளியேறி 64 நாட்கள் கழிந்தபின், பிரிவைத் துப்புரவு செய்தபின், மீண்டும் ஒரு குழந்தையிடம் அதே கிருமி தோன்றியது. ஊழியர்கள் 154 பேர் சோதிக்கப்பட்டனர். ஒருவர் தம்மை அறியாமலே அதனைச் சுமந்திருந்தார். அவருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. அவர் தண்டிக்கப்படவில்லை, பெயர் சொல்லித் தூற்றப்படவுமில்லை என்பதை இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

இன்னொரு நிகழ்ச்சி வட அயர்லாந்தைச் சேர்ந்தது. 2012 ஜனவரியில் பெல்பாஸ்ற் நகரின் அரச மகப்பேற்று வைத்தியசாலையிற் சூடோமோனாஸ் என்னும் கிருமியால் மூன்று குழந்தைகள் இறந்தன. கிருமியின் இருப்பிடம் தண்ணீர்க் குழாய்கள் என்று கண்டனர். கைகளைத் தூய்மையாக்குவதற்கென அமைத்த குழாயே கைகளுக்குக் கிருமியை அளித்திருந்தது. தாதியர் கைகழுவவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடக்கூடிய இடத்தில், கழுவிய கையே கிருமி ஏந்தியது என்னும் உண்மையை விஞ்ஞானம் நிலைநாட்டிற்று. தடந்தேடும் விஞ்ஞானம் நிரபராதியைக் காக்கவும் வல்லது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்விரு அறிக்கைகளையும் நாம் போற்றுகிறோம். ஆயினும் அவை நிகழ்ந்த இடங்களை மறத்தலாகாது. 154 ஊழியரைச் சோதிக்கவும், ஒவ்வொரு கிருமியின் மரபணுவையும் வாசிக்கவும், ஐயத்துக்குரிய குழாய்களைக் கழற்றி மாற்றவும் வசதியுள்ள நாடுகள் அவை. தீவிர சிகிச்சையிலுள்ள ஒரு குழந்தைக்கு ஒரு தாதி என்பது பிரித்தானியச் சிசுமருத்துவச் சங்கம் வகுத்த விதி. அத்தகைய இடத்தில் “ஒரு குழாய்” என்றோ “ஒரு கை” என்றோ தடம் முடிவடைவது ஓரளவு போதுமானதாக இருக்கலாம். அங்கே அது விதிக்கு விலக்காக நேர்ந்த விபத்து. விதியே விபத்தாகிவிட்ட நாடுகளில் அவ்வாறு முடித்துவிட இயலுமா? ஒரு தொட்டிலில் இரண்டு குழந்தைகள் கிடக்குமிடத்தில், ஒரு தாதி பல குழந்தைகளைப் பார்க்குமிடத்தில், ஒருமுறை பயன்படுத்தி எறியவேண்டிய குழாயை மீண்டும் பயன்படுத்தவேண்டி வருமிடத்தில், கிருமி யார் கையில் இருந்தது என்று கண்டுபிடித்துவிட்டால் காரணம் கண்டுபிடிக்கப்பட்டதாகுமா?

தடம் அரைவழியில் நிற்கும்போது பழி எங்கேயாவது போய் விழுந்தாகவேண்டும். அது பெரும்பாலும் வலிமையற்றோர் மீதே விழும். மாத்தளையில் வாழும் நமக்கு இதனை விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளைக்கும் அங்கிருந்து மாத்தளைக்கும் நடந்தே வந்தனர். அவ்வடக்குப் பாதை நெடுகிலும் வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பட்டினியும் அவர்களைப் பலிகொண்டன. குடிநீரும் தங்குமிடமும் இன்றி அவர்களை நடக்கவிட்டவர்கள் தோட்ட முதலாளிகளும் அரசாங்கமும். ஆனால் நோயைக் கொண்டுவருபவன் கூலி என்பதே அக்காலத்து ஆளுவோரின் பேச்சு. நோய் எந்த வழியாக வந்தது என்பதை அவர்கள் பிழையாகச் சொல்லவில்லை. அது தொழிலாளர் வந்த வழியாகத்தான் வந்தது. தடம் சரியே, தீர்ப்புத்தான் அநீதியானது. பிற்காலத்திற் பாக்கு நீரிணைக்கு அப்பால் மண்டபத்தில் முகாம் அமைத்து, தொழிலாளரைத் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பினர். அவர்கள் போய்ச்சேர்ந்த லயத்துக் காம்பராக்கள் சோதிக்கப்பட்டிருப்பின் வரலாறு வேறுவிதமாக இருந்திருக்கும்.

அண்மைக் காலத்திலும் இப்பழிப்பேச்சு வேறொரு வேடத்தில் வந்தது. டில்லியிற் சிகிச்சை பெற்றுச் சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரிடம் 2008இல் ஒரு கிருமி கண்டெடுக்கப்பட்டது. கார்பாபெனெம் மருந்தைச் சிதைக்கும் நொதியம் ஒன்று அதில் இருந்தது. அதற்குப் புதுடில்லியின் பெயரையே சூட்டினர். 2010இல் அதன் பரம்பலைக் கூறும் ஆய்வு வெளியாயிற்று. அதன் முதலாசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிற் பெறப்பட்ட கிருமிகளும் அதில் ஆராயப்பட்டிருந்தன. உடனே எழுந்த கூச்சல் யாது? பாரதத்தின் பெயருக்கு இழுக்கு, மருத்துவச் சுற்றுலா வியாபாரத்துக்கு எதிரான சதி என்பதே. பெயர்சூட்டல் நியாயமானதன்று என்பதை நாமும் ஏற்கிறோம். மேல்நாட்டு விஞ்ஞானம் கீழ்நாட்டு நகரொன்றின் நெற்றியில் நோயின் பெயரைப் பொறித்தது கண்டிக்கத்தக்கதே. ஆனால் பெயரைப் பற்றிய சண்டையிற் பொருள் மறைந்துபோயிற்று. 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு டில்லித் தெருக்களில் தேங்கிக்கிடந்த நீரில் 171 மாதிரிகளையும் குழாய்நீரில் 50 மாதிரிகளையும் சோதித்தது. தேங்கிய நீரில் 51 மாதிரிகளிலும் குழாய்நீரில் 2 மாதிரிகளிலும் அந்த மருந்தெதிர்ப்பு மரபணு இருந்தது. கிருமியின் தடம் வைத்தியசாலைச் சுவரைத் தாண்டிச் சாக்கடைக்கும், குடிநீருக்கும், நகரசபையின் வரவுசெலவுத் திட்டத்துக்கும் சென்றுவிட்டது. தேசிய மானத்தைக் காக்க முன்வந்த கனவான்கள் அந்த இடத்துக்குத் தடத்தைப் பின்தொடர்ந்து வரவில்லை.

“நுண்ணுயிரியலாளரின் வேலை கிருமியைக் காண்பது, சமுதாயத்தைக் காண்பது அவர் வேலையன்று” என்று கூறுவோர் உளர். இவ்வாதத்தை நேர்மையாக எடுத்துப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு விஞ்ஞானியும் அரசியற் பிரசங்கம் செய்யவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது மேலும் விஞ்ஞானமே. ஐக்கிய அமெரிக்காவில் 67 சிசு தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, தாதியரின் கடமைப்பட்டியலையே தடயமாக எடுத்துக்கொண்டது. விதிப்படி இருக்கவேண்டிய அளவு தாதியர் 31 வீதமான குழந்தைகளுக்கு இல்லை என்றும், மிகக் கடுமையாக நோயுற்ற குழந்தைகளில் 68 வீதத்தினருக்கு இல்லை என்றும் அது கண்டது. தாதியர் குறைந்த இடத்தில் எடைகுறைந்த குழந்தைகளுக்கு வைத்தியசாலைத் தொற்று மிகுந்தது என்பதையும் அது நிறுவியது. செல்வத்தில் முதன்மையான நாட்டின் நிலை இது. கிருமியின் எழுத்துகளை எண்ணுவது எவ்வளவு விஞ்ஞானமோ, கடமையிலிருந்த தாதியரை எண்ணுவதும் அவ்வளவு விஞ்ஞானமே. முன்னதை வாசிக்க விலையுயர்ந்த இயந்திரம் தேவை. பின்னதை வாசிக்க ஒரு பதிவேடும், அதைத் திறந்துகாட்டும் மனமும் போதும். அந்த மனம் நிர்வாகங்களுக்கு எளிதில் வருவதில்லை என்பதுதான் சங்கடம்.

பதிவேட்டைத் திறந்தவர்க்கு நேர்ந்தது என்ன என்பதை வியன்னா நகரின் செம்மல்வைஸ் என்னும் வைத்தியரின் வரலாறு கூறும். அந்நகரின் பெரிய வைத்தியசாலையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. 1846இல் முதற் பிரிவிற் பிரசவித்த தாய்மாரில் 11.4 வீதத்தினர் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 2.8 வீதத்தினர். ஏழைப் பெண்கள் இதனை முன்னரே அறிந்திருந்தனர்; முதற் பிரிவில் தம்மைச் சேர்க்கவேண்டாம் என்று மண்டியிட்டு மன்றாடினர். விஞ்ஞானம் காணுமுன்பே பாதிக்கப்பட்டோர் தடத்தைக் கண்டிருந்தனர். பிணங்களை அறுத்த கையோடு பிரசவம் பார்த்த வைத்தியர்களே காரணம் என்று கண்ட செம்மல்வைஸ், 1847இல் குளோரின் கலந்த நீரிற் கைகழுவும் விதியை ஏற்படுத்தினார். மறு ஆண்டில் முதற் பிரிவின் மரணம் 1.27 வீதமாகக் குறைந்தது. எனினும் வைத்தியப் பெரியார்கள் பலர் அவரை ஏற்கவில்லை. கீழே உள்ளோரை நோக்கிச் செல்லும் தடம் வரவேற்கப்படும். மேலே உள்ளோரை நோக்கிச் செல்லும் தடம் வெறுக்கப்படும். இது வியன்னாவுக்கு மட்டும் உரிய உண்மையன்று.

மருந்தின் பக்கத்திலும் ஒரு தடம் உண்டு. பழைய மருந்துகள் தோற்றுப்போகின்றன. புதியவை ஏன் வருவதில்லை? கார்பாபெனெம் மருந்துக்கும் அடங்காத கிருமிகளை எதிர்க்கவல்ல பிளாசோமைசின் என்னும் மருந்தை அக்கேயோஜன் என்ற அமெரிக்கக் கம்பனி உருவாக்கியது. 2018 ஜூனில் அதற்கு அரசாங்க அங்கீகாரம் கிடைத்தது. 2019 ஏப்ரலில் அக்கம்பனி வங்குரோத்தடைந்தது. புதிய நுண்ணுயிர்க்கொல்லியைச் சிக்கனமாக, அவசியமானபோது மட்டும், சில நாட்களுக்கே பயன்படுத்தவேண்டும் என்பது மருத்துவ நியாயம். ஆயுள்முழுதும் நாள்தோறும் விழுங்கப்படும் மருந்திலேயே இலாபம் என்பது சந்தையின் நியாயம். இரண்டு நியாயங்களும் மோதுமிடத்தில் நிற்பது 900 கிராம் எடையுள்ள குழந்தை. இலாபத்தைக் கணக்கிடும் முறை அக்குழந்தையை எண்ணுவதேயில்லை.

இலங்கையின் நிலைமைக்கு வருவோம். 1946இல் இந்நாட்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. அதற்கடுத்த ஆண்டில் அது 101 ஆகக் குறைந்தது. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே நிற்கிறது. இலவச மருத்துவமும், இலவசக் கல்வியும், வீடுதேடி வரும் குடும்பநல மருத்துவமாதரும் ஈட்டித்தந்த வெற்றி இது. இவ்வெற்றி தோட்டப்புறத்துக்கு மட்டும் நெடுங்காலம் பிந்தியே வந்தது என்பதும் நாடறிந்த உண்மை. இன்று றத்தோட்டையிலும் எல்கடுவையிலும் தேயிலைத் தோட்டத்துத் தாய் வைத்தியசாலையிலேயே பிரசவிக்கிறாள். குழந்தை குறைமாதமாயின் மாவட்ட வைத்தியசாலைக்கும், தேவையேற்படின் கண்டிக்கும் பேராதனைக்கும் கொண்டுசெல்லப்படுகிறது. ஒரு தலைமுறைக்கு முன் லயத்திலேயே இறந்திருக்கக்கூடிய குழந்தை இன்று பிழைக்கிறது. பெற்ற இவ்வெற்றியை இழக்கலாகாது என்பதனாலேயே நாம் இவ்விஷயத்தை எழுப்புகிறோம்.

2017 முதல் 2022 வரைக்கென மருந்தெதிர்ப்பைத் தடுக்கும் தேசியத் திட்டம் ஒன்றை இந்நாடு வகுத்தது. அத்திட்டத்தின் இறுதியாண்டிலேயே நாடு வங்குரோத்தடைந்தது. 2022 மார்ச் மாத இறுதியிற் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதனைத் தொடர்ந்த காலத்தில் வைத்தியரும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டைவிட்டு வெளியேறினர். கையுறையும் குழாயும் மருந்தும் ஆளும் குறையும்போது கிருமிக்கு வழி திறக்கிறது என்பதை உணரப் பெரிய ஆராய்ச்சி வேண்டுவதில்லை. கடன் கொடுத்தோர் விதிக்கும் சிக்கனத்துக்கும் தொட்டிலிற் கிடக்கும் குழந்தைக்கும் இடையில் உள்ள தூரம் மிகச் சிறிது.

நமது நாட்டிலேயே இத்தடத்தை முழுமையாகப் பின்தொடர்ந்த முன்னோடிகள் உண்டு. 1934-35இல் மலேரியாக் கொள்ளைநோய் கிராமங்களைச் சூறையாடியது. 1935இல் ஆயிரத்துக்கு 263 குழந்தைகள் இறந்தன. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தோடும் உணவோடும் கிராமங்களுக்குச் சென்றனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்றோர் அவர்களுள் இருந்தனர். நுளம்புதான் நோயைப் பரப்பியது என்பதை அவர்கள் மறுக்கவில்லை, கொயினாவைக் கொடுத்தனர். பசியால் வாடிய உடலே நோய்க்கு எளிதில் இரையாயிற்று என்பதையும் கண்டனர், உணவைக் கொடுத்தனர். பசிக்குக் காரணமான ஆட்சியையும் சுட்டிக்காட்டினர். இந்நாட்டு இடதுசாரி இயக்கம் அந்தச் சேவையில் வேரூன்றியது. அதற்கும் முன்னர், 1848இல் மேற் சிலேசியாவில் பரவிய ரைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்ற ஜெர்மன் வைத்தியர் விர்ஷோ, கல்வியும் சுதந்திரமும் முழு ஜனநாயகமுமே அந்நோய்க்கு மருந்து என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். நோயின் தடத்தை அதன் ஊற்றுவரை தேடிச்செல்லும் மரபு புதிதன்று, இடையில் மறக்கப்பட்டது.

இங்கே முற்போக்கு எழுத்தையும் விமர்சிக்க வேண்டியிருக்கிறது. இலங்கைத் தோட்டத்துத் துயரத்தைப் புதுமைப்பித்தன் “துன்பக்கேணி”யில் எழுதினார். அதன் பின் மலையகத்திலேயே தோன்றிய எழுத்தாளர்கள் லயத்தையும் கங்காணியையும் துரையையும் உள்ளிருந்தே காட்டினர். அக்கதைகளில் குழந்தை இறந்தால் குற்றவாளி கண்முன் நிற்பான். மருந்து கொடுக்க மறுத்தவனும் லீவு கொடுக்க மறுத்தவனும் பெயரும் முகமும் உள்ளவர்கள். இன்றைய மரணம் வேறுவகையானது. கதவு திறந்திருக்கிறது, இயந்திரம் இருக்கிறது, வைத்தியர் முயல்கிறார், தாதி கண்விழிக்கிறாள், குழந்தை இறக்கிறது. இங்கே கொடியவன் ஒருவனைத் தேடும் பழைய கதை, களைத்துப்போன தாதியையே கொடியவளாக ஆக்கிவிடும். அவளும் கூலிக்கு உழைப்பவளே என்பதை மறந்த எழுத்து எவ்வளவு ஆவேசமாயிருப்பினும் முற்போக்கானதாகாது. மறுபுறத்தில், கிருமியின் பெயரைக்கூட அறியாமல் “சமுதாயமே குற்றவாளி” என்று ஒரு வரியில் தீர்ப்புக்கூறும் எழுத்தும் பயனற்றது. சமுதாயம் குற்றவாளி என்றால் எந்தக் குழாய் வழியாக, எந்தப் பதிவேட்டின் எந்தப் பத்தி வழியாக அது குழந்தையின் குருதிக்குள் நுழைந்தது என்று காட்டவேண்டும். விஞ்ஞானியின் பொறுமை எழுத்தாளனுக்கு வேண்டும்; எழுத்தாளனின் நியாய உணர்வு விஞ்ஞானியின் அறிக்கைக்கு வேண்டும்.

செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்ற சோர்வுக்கும் இடமில்லை. 1978இல் கொலம்பியாவின் தலைநகரான பொகோற்றாவில் ஏழைகளுக்கான மகப்பேற்று வைத்தியசாலையில் வெப்பப்பெட்டிகள் போதவில்லை. நெரிசலில் தொற்று மலிந்தது. எட்கார் றேய் என்ற வைத்தியர் குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு, தோலோடு தோல்படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இல்லாமையிற் பிறந்த அம்முறை ஏழைகளுக்கான இரண்டாந்தரச் சிகிச்சை என்று முதலிற் கருதப்பட்டது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடத்தி 2021இல் வெளியிட்ட பரிசோதனையில், பிறந்தவுடன் தாயோடு சேர்க்கப்பட்ட குழந்தைகளில் 12 வீதத்தினர் இறந்தனர். முதலிற் பிரித்துவைக்கப்பட்டவரில் 15.7 வீதத்தினர். குருதித்தொற்றும் முன்னவரிடம் குறைந்திருந்தது. வைத்தியசாலைக் கிருமி குடியேறுமுன் தாயின் உடலிலுள்ள தீங்கற்ற நுண்ணுயிர்கள் குழந்தையின் தோலிற் குடியேறுவது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆனால் இதற்கும் தாய் இருக்க இடம் வேண்டும், கட்டில் வேண்டும், தோட்டத்து நாட்சம்பளக்காரியாயின் வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம் வேண்டும். தாயின் மார்பும்கூடச் சம்பளப் பிரச்சினையிலிருந்து விலகி நிற்பதில்லை.

எனவே ஆசிரியர்களும் மாணவர்களும் இத்தகைய அறிக்கைகளை அஞ்சாமல் எடுத்து வாசித்தல் வேண்டும். விஞ்ஞானபாட வகுப்பிற் பற்றீரியாவின் படத்தை வரையும் மாணவன், அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குச் சென்றது என்று கேட்கக் கற்றால் நன்று. அந்தக் கை ஓரிரவில் எத்தனை குழந்தைகளைத் தொடவேண்டியிருந்தது, ஏன் என்றும் கேட்கக் கற்றால் மேலும் நன்று. ஒவ்வொரு தொற்று அறிக்கையிலும் கிருமியின் பெயருக்குப் பக்கத்தில் அன்றிரவு கடமையிலிருந்த தாதியரின் தொகையும், தொட்டில்களின் தொகையும், கையிருப்பில் இல்லாத பொருள்களின் பட்டியலும் அச்சிடப்பட வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் பொதுமக்களும் கோரல் வேண்டும். தாதியரின் பெயர்கள் வேண்டா; தொகை போதும். அத்தொகை வெளிவரத் தொடங்கினால், கிருமியின் தடம் எந்தக் காரியாலயத்தின் வாசலிற் போய் நிற்கிறது என்பதை எந்த மரபணு இயந்திரமும் இல்லாமலே மக்கள் வாசித்துக்கொள்வார்கள்.